அம்மா நாற்காலியிலிருந்து பார்த்தால் பாதிப் படம் இருட்டு: ஏஎல்ஆர் ஸ்கிரீன் வாங்கியது தப்பா?

அழகாபுரத்தான் | ஞாயிறு, மாலை 6:20

எல்லோருக்கும் வணக்கம். சேலம் அழகாபுரத்தில் வீடு. ஹால் 11 அடி அகலம், 16 அடி நீளம். அகலம் குறைந்த சுவரில்தான் படம். சீலிங்கில் 11 அடி தள்ளி ஒரு சாதாரண புரொஜெக்டர் தொங்குகிறது, மொத்த வெளிச்சம் 2,200 லுமென் என்று பெட்டி சொல்கிறது. ஒரு வருஷம் வெள்ளைச் சுவரிலேயே ஓட்டினோம். ராத்திரியில் ஒரு குறையும் இல்லை. பகலில்தான் தொல்லை. மேற்குப் பார்த்த ஜன்னல். மூன்று மணிக்கு மேல் கிரிக்கெட் போட்டால் பந்து எங்கே போனது என்பதை வர்ணனையாளர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதனால் போன மாதம் ஏஎல்ஆர் ஸ்கிரீன் வாங்கி மாட்டினேன். அறை வெளிச்சத்தை ஒதுக்கிவிட்டுப் புரொஜெக்டர் வெளிச்சத்தை மட்டும் நம் பக்கம் திருப்பும் என்கிறார்களே, அதுதான். 100 அங்குலம், சட்டம் போட்டது. கெயின் (சாதாரண வெள்ளைப் பரப்பை 1 என்று வைத்தால் நேர் எதிரே தெரியும் பிரகாசம்) 0.8, பார்வைக் கோணம் 160 டிகிரி என்று கூட வந்த தாளில் இருக்கிறது.

சோபாவில் உட்கார்ந்தால் அருமை. கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது. ஆனால் அம்மா சோபாவில் உட்கார மாட்டார். வலது பக்கச் சுவரில் சமையலறை வாசல், அதை ஒட்டி ஒரு மர நாற்காலி, அதுதான் அவர் இடம். அடுப்பில் பால் வைத்திருந்தால் அங்கிருந்தே தெரியும். முதல் நாளே கேட்டுவிட்டார்: "என்னடா இது, இந்தப் பக்கம் பகலு, அந்தப் பக்கம் ராத்திரி?" சிரித்துவிட்டு, அப்புறம் அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்து பார்த்தேன். உண்மைதான். வலது ஓரம் பளிச்சென்று இருக்கிறது, இடது பக்கம் மூன்றில் ஒரு பங்கு புகைக்குப் பின்னால் கிடக்கிறது. ஸ்கோர் இடது மூலையில் வந்தால் படிக்க முடியவில்லை.

கடையில் கேட்டால் "160 டிகிரி சார், எங்க உட்கார்ந்தாலும் தெரியும்" என்கிறார்கள். ஸ்கிரீனே பழுதா, நான் மாட்டியது தப்பா?

லக்ஸ்மீட்டர் | ஞாயிறு, இரவு 8:05

பழுது இல்லை. அது செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்கிறது, உங்கள் அம்மா உட்காரும் இடத்தை யாரும் அதற்குச் சொல்லவில்லை.

160 டிகிரி என்பது அந்தக் கோணத்தில் நின்றாலும் ஏதோ ஒன்று தெரியும் என்பதுதான். எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்று அது சொல்லாது. நீங்கள் கேட்டிருக்க வேண்டியது பாதிக் கெயின் கோணம். நேர் எதிரே இருக்கும் பிரகாசம் எத்தனை டிகிரி ஒதுங்கினால் சரிபாதியாகிறது என்பது அது. பளபளப்பில்லாத வெள்ளைப் பரப்பு எல்லாத் திசைக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளிச்சத்தை இறைக்கும், அதில் இந்தக் கணக்கே தேவைப்படாது. ஏஎல்ஆர் வகைகளில் 30, 40 டிகிரியிலேயே பாதியாகிவிடுவது சகஜம்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். அம்மா நாற்காலி ஸ்கிரீனிலிருந்து எத்தனை அடி, நடுக்கோட்டிலிருந்து எத்தனை அடி ஒதுங்கி? ட்யூப்லைட் எந்தச் சுவரில்? ஸ்கிரீன் மேல் அறை வெளிச்சம் எத்தனை லக்ஸ் (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை லுமென்) விழுகிறது? போனில் லக்ஸ் ஆப் போட்டு, போனை ஸ்கிரீனோடு ஒட்டி முகத்தை ஹால் பக்கம் வைத்து எடுங்கள். துல்லியமாக இருக்காது, ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.

வெள்ளிப்பட்டறை | ஞாயிறு, இரவு 9:30

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்கிறவன் நான், ஸ்கிரீன் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இந்தச் சங்கதி எங்களுக்குத் தினமும் கண் முன்னால் நடப்பது. பாலிஷ் போடாத வெள்ளித் தகட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி வெள்ளையாகத்தான் தெரியும். பாலிஷ் போட்டதும் அதே தகடு ஒரு பக்கம் கண்ணைப் பறிக்கும், கொஞ்சம் சாய்த்தால் கறுப்பாகிவிடும். கறுத்துப் போகவில்லை, விளக்கின் வெளிச்சத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டது, அவ்வளவுதான். தம்பி வாங்கியது பாதி பாலிஷ் போட்ட தகடு என்று நினைக்கிறேன்.

லக்ஸ்மீட்டர் | ஞாயிறு, இரவு 9:42

அண்ணா, இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது.

அழகாபுரத்தான் | திங்கள், காலை 7:15

டேப் வைத்து அளந்தேன். அம்மா நாற்காலி ஸ்கிரீனிலிருந்து 6 அடி. நடுக்கோட்டிலிருந்து வலப்பக்கம் நாலரை அடி. சோபா நேர் நடுவில், 10 அடி தள்ளி. ட்யூப்லைட் இடது சுவரில், எட்டடி உயரத்தில்.

லக்ஸ்: நேற்று மூன்று மணிக்கு மெல்லிய திரைச்சீலையை இழுத்துவிட்ட நிலையில் 180. ராத்திரி ட்யூப்லைட் மட்டும் எரிந்தபோது 60. எல்லாவற்றையும் அணைத்தால் 2.

சீலிங் ஃபேன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புரொஜெக்டர் கம்பியை ஓரடி நீளமாகப் போட வேண்டியதாயிற்று. இல்லாவிட்டால் ஃபேன் இறக்கை படத்தின் மேல்பாதியை வெட்டி வெட்டிக் காட்டுகிறது. இதை முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்.

லக்ஸ்மீட்டர் | திங்கள், காலை 10:50

நல்ல அளவுகள். பெரும்பாலோர் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு நாற்காலிக்கு ஒரு கோணம் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. ஸ்கிரீனின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு கோணம். அதிலும் பாதி, புரொஜெக்டர் எங்கிருந்து அடிக்கிறது என்பதைப் பொறுத்தது.

கேரம் போர்டை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டையில் சாய்வாக அடித்த ஸ்ட்ரைக்கர் அதே சாய்வில் மறுபக்கம் போகும். உங்கள் ஸ்கிரீன் ஏறக்குறைய அந்த விதிப்படி நடக்கிறது, கூடவே கொஞ்சம் சிதறடிக்கிறது. 100 அங்குல ஸ்கிரீனின் அகலம் 7 அடி 3 அங்குலம். நடுவிலிருந்து ஓரம் 3.6 அடி. புரொஜெக்டர் 11 அடி தள்ளி இருப்பதால் ஓரத்துக்கு வரும் கதிர் 18 டிகிரி சாய்ந்து வருகிறது, பட்டதும் இன்னும் 18 டிகிரி வெளிப்பக்கமாக ஓடப் பார்க்கிறது. அதாவது இடது ஓரத்தில் பட்ட வெளிச்சம் இடது சுவருக்குப் போக விரும்புகிறது.

அம்மா உட்கார்ந்திருப்பது வலது கோடியில். இடது ஓரத்திலிருந்து அவர் கண்ணுக்குக் கோடு இழுத்தால் 54 டிகிரி வலப்பக்கம். வெளிச்சம் போக விரும்பும் திசைக்கும் அம்மா இருக்கும் திசைக்கும் நடுவே 72 டிகிரி. வலது ஓரத்துக்கு அதே கணக்கைப் போட்டால் 10 டிகிரிதான். ஒரே ஸ்கிரீன், ஒரே நாற்காலி, ஒரு ஓரம் 10, மறு ஓரம் 72. பகலும் ராத்திரியும் அங்கேதான் பிறக்கின்றன.

சோபாவுக்குப் போட்டால் இரண்டு ஓரமும் 38. அங்கேயும் ஓரங்கள் நடுவைவிட மங்கல்தான். ஆனால் இரண்டு பக்கமும் சமமாக, மெல்ல மெல்ல மங்குவதால் கண் கண்டுகொள்ளாது.

அழகாபுரத்தான் | திங்கள், மதியம் 1:20

அப்போ புரொஜெக்டரைப் பின்னால் தள்ளினால்?

லக்ஸ்மீட்டர் | திங்கள், மதியம் 1:35

ஜூம் இடம் கொடுத்தால் 13 அடிக்குத் தள்ளலாம். 18 டிகிரி 15.6 ஆகும். 72 என்பது 70 ஆகும். கம்பியைக் கழற்றி, துளை போட்டு, பெயின்ட் அடித்து, இரண்டு டிகிரி. வேண்டாம். அம்மாவைப் பின்னால் நகர்த்துவதில்தான் லாபம் அதிகம். 9 அடிக்கு நகர்ந்து, ஒன்றரை அடி உள்ளே வந்தால் மோசமான ஓரமே 55 டிகிரிக்குள் வந்துவிடும்.

அழகாபுரத்தான் | திங்கள், மதியம் 1:37

அங்கிருந்து அடுப்பு தெரியாது. பேச்சுக்கே இடமில்லை.

பழைய ஆபரேட்டர் | திங்கள், இரவு 10:15

முப்பது வருஷத்துக்கு மேல் தியேட்டர் கேபினில் கழித்தவன். பிள்ளைகள் புதுசு என்று பேசுவதைக் கேட்டால் சிரிப்பு வருகிறது, இது நாங்கள் பட்டுத் தெளிந்த விவகாரம்.

1984ல் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம் வந்தபோது கண்ணாடி போட்டுப் பார்க்க வெள்ளை ஸ்கிரீன் ஆகாது என்றார்கள். இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகப் பிரித்து அனுப்பும் வெளிச்சத்தை வெள்ளைப் பரப்பு கலக்கிவிடும். உலோகப் பூச்சு இருந்தால்தான் கலையாமல் திரும்பும். அதனால் ஸ்கிரீனுக்கு வெள்ளிப் பூச்சு அடித்தோம். நடு சீட்டுக்குக் கண் கூசும், ஓரத்து சீட்டுக்காரர்கள் இடைவேளையில் கேபின் கதவைத் தட்டுவார்கள், "கார்பன் சரியா எரியலையா?" என்று. அப்போது புரொஜெக்டர் விளக்கே கார்பன் குச்சிதான், அது நன்றாகத்தான் எரிந்தது.

அகலப் படம் காட்டும் பெரிய தியேட்டர்களில் ஸ்கிரீனை உள்வளைவாகக் கட்டியிருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? அழகுக்கு மட்டும் இல்லை. ஓரத்தில் பட்ட வெளிச்சம் சுவருக்குப் போகாமல் ஆட்கள் பக்கம் திரும்பவும்தான். லக்ஸ்மீட்டர் தம்பி சொன்ன அந்த 18 டிகிரியை வளைத்து உள்ளே கொண்டுவரும் வித்தை. வீட்டில் செய்யச் சொல்லவில்லை.

கல்யாண மண்டபங்களில் முன்பு மணி மணியாக மினுக்கும் ஸ்கிரீன் ஒன்று சுருட்டி வைத்திருப்பார்கள். அது வேறு ஜாதி. கண்ணாடி மணிகள் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு பலகை நம் ஹெட்லைட்டுக்கு மட்டும் ஜொலிக்கிறதே, அதே தத்துவம். புரொஜெக்டர் மேஜையில் இருந்து, ஆட்கள் அதைச் சுற்றி உட்கார்ந்தால் நன்றாக இருக்கும். சீலிங்கில் மாட்டினால் படம் சீலிங்குக்கே பளிச்சென்று தெரியும்.

சூரமங்கலம் லேசர் | செவ்வாய், காலை 8:40

என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது யுஎஸ்டி, சுவரை ஒட்டி டிவி ஸ்டாண்ட் மேல் உட்கார்ந்து கீழிருந்து செங்குத்தாக அடிக்கும் வகை. இதற்கான ஸ்கிரீனின் வேலை வேறு. உற்றுப் பார்த்தால் வரிவரியாக ரம்பப் பல் போல இருக்கும், கிடைமட்டமாக. ஒவ்வொரு பல்லின் மேல்முகம் கறுப்பு, கீழ்முகம் வெளிச்சத்தைத் திருப்பும். மேலே இருந்து வரும் விளக்கு வெளிச்சம் கறுப்பில் விழுந்து செத்துப்போகும். கீழிருந்து வரும் படம் நம்மிடம் வரும். பற்கள் கிடைமட்டம் என்பதால் இடம் வலமாகப் பார்வைக் கோணம் விசாலம். என் மாமியார் ஊஞ்சலில் ஓரமாக ஆடிக்கொண்டே பார்க்கிறார், ஒரு புகாரும் இல்லை.

ஆனால் அதே காரணத்தால் பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தை அது ஒன்றும் செய்யாது. மேலே இருப்பதைத்தான் தடுக்கும். நம் ஊரில் விளக்கு சீலிங்கில் எங்கே இருக்கிறது, சுவரில் ட்யூப்லைட்தானே? அது கொஞ்சம் மேலே, கொஞ்சம் பக்கவாட்டில். அதனால் பலனும் அரைகுறை.

வட்ட வட்டமாகக் கோடு போட்ட ஃப்ரெஸ்னெல் வகையும் யுஎஸ்டிக்கு உண்டு. பக்கவாட்டு வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கும், படமும் பிரகாசம். விலையாகக் கொடுப்பது பார்வைக் கோணம். மறுபடியும் அம்மா நாற்காலிப் பிரச்சினைதான்.

இன்னொன்று, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மாட்ட வந்தவர்கள் என் ஸ்கிரீனைத் தலைகீழாக மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கறுப்புமுகம் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்கிரீன் புரொஜெக்டர் வெளிச்சத்தை விசுவாசமாக விழுங்கிவிட்டு ட்யூப்லைட்டை அழகாகக் காட்டியது. இரண்டு நாள் லேசரைத்தான் சந்தேகப்பட்டேன். இதே காரணத்தால் யுஎஸ்டி ஸ்கிரீனைச் சீலிங் புரொஜெக்டருக்கு வாங்கிவிடாதீர்கள். அதைப் பொறுத்தவரை சீலிங்கிலிருந்து வரும் எதுவும் எதிரி.

மலைமேல் காப்பி | செவ்வாய், காலை 11:05

இழையை மடக்குவதற்கு மன்னிக்கவும். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சின்ன ஹோம்ஸ்டே. பொது அறை 18 அடி அகலம், மூன்று பக்கமும் ஜன்னல். விருந்தினர் பத்துப் பேர் வந்தால் நாலு பேர் நாற்காலியில், மூன்று பேர் மெத்தையில் படுத்துக்கொண்டு, குழந்தைகள் தரையில். பனிமூட்டமான நாளில் வெளியே போக முடியாமல் எல்லோரும் படம் கேட்கிறார்கள். ஏஎல்ஆர் போடலாம் என்றிருந்தேன், இதைப் படித்ததும் பயமாக இருக்கிறது.

லக்ஸ்மீட்டர் | செவ்வாய், மதியம் 12:30

போடாதீர்கள். உங்களுக்கு இரண்டு காரணம்.

ஒன்று, பத்துப் பேர் பத்துத் திசையில். அது எல்லோருக்கும் புரிந்ததுதான். இரண்டாவதுதான் முக்கியம். ஏஎல்ஆர் வெளிச்சத்தைத் தரம் பிரிப்பது திசையை வைத்து மட்டும்தான். இது புரொஜெக்டர் வெளிச்சம், இது ஜன்னல் வெளிச்சம் என்று அதற்குத் தெரியாது. இந்தப் பக்கத்திலிருந்து வந்தால் ஆட்களிடம் அனுப்பு, அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் வேறெங்கோ அனுப்பு, அவ்வளவுதான் அதன் அறிவு. உங்கள் மலையில் பனி இறங்கினால் வெளிச்சத்துக்குத் திசையே கிடையாது. நிழலே விழாது அல்லவா? மூன்று பக்க ஜன்னலிலிருந்தும் பால் ஊற்றிய மாதிரி வரும். ஆட்களுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலிலிருந்து வருவது புரொஜெக்டரோடு ஏறக்குறைய ஒரே திசை, அதை எப்படி ஒதுக்கும்?

சாதாரண வெள்ளை ஸ்கிரீன், ஜன்னலுக்குக் கனமான திரை. ஈரத்தில் துணி ஸ்கிரீன் பூஞ்சை பிடிக்கும், துடைக்கக்கூடியதாகப் பாருங்கள். புரொஜெக்டர் லென்ஸையும் மழைக்காலத்தில் மூடி வைக்காமல் விடாதீர்கள்.

மலைமேல் காப்பி | செவ்வாய், மதியம் 12:41

நன்றிங்க. காசு மிச்சம். மேலே வந்தால் ஒரு காப்பி என் கணக்கு.

இருட்டே மருந்து | செவ்வாய், இரவு 9:00

நானும் இதையேதான் வருஷக்கணக்காகக் கத்துகிறேன். ஏஎல்ஆர் எல்லாம் ஏமாற்று வேலை. இருட்டாக்கிவிட்டுப் பார். முடியாதா, டிவி வாங்கு.

சூரமங்கலம் லேசர் | செவ்வாய், இரவு 9:12

ஏமாற்று வேலை என்று சொல்லாதீர்கள். வெள்ளைச் சுவர், வெள்ளை சீலிங் உள்ள ஹாலில் முழு இருட்டிலும்கூடப் படத்தின் வெளிச்சமே சுவரில் பட்டுத் திரும்பி வந்து கறுப்பைக் கெடுக்கும். ஏஎல்ஆர் அதையும் ஒதுக்குகிறது. ராத்திரிக் காட்சியில் என் ஸ்கிரீனுக்கும் பழைய சுவருக்கும் உள்ள வித்தியாசம் குழந்தைக்கும் தெரியும். இடம் அறிந்து வாங்கினால் நல்ல பொருள்.

இருட்டே மருந்து | செவ்வாய், இரவு 9:20

பச்சை மைதானத்தில் ஜிகினா தூவிய மாதிரி மினுமினுக்குமே, அதையும் சொல்லுங்கள்.

சூரமங்கலம் லேசர் | செவ்வாய், இரவு 9:26

அதுவும் சில ஸ்கிரீனில் உண்டு. உலோகத் தூள் கலந்த பூச்சில் வானம், வெள்ளை வேட்டி எல்லாம் ஜரிகை ஓடின மாதிரி தெரியும். பத்தடி தள்ளிப் போனால் குறையும். ஒப்புக்கொள்கிறேன்.

லக்ஸ்மீட்டர் | புதன், காலை 6:55

இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள், அழகாபுரத்தாருக்குக் கணக்குப் போட்டுவிடலாம். சிலவற்றை ஊகமாகத்தான் எடுக்கிறேன்.

2,200 லுமென் என்று எழுதியிருந்தால், நிறம் சரியாக வரும் மோடில் 1,500 என்று வைப்போம். 100 அங்குல ஸ்கிரீனின் பரப்பு 2.76 சதுர மீட்டர். வகுத்தால் 543 லக்ஸ். இது படம். அறை வெளிச்சம் ட்யூப்லைட்டோடு 60. வெள்ளைச் சுவரில் பளிச் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் 603க்கு 60, அதாவது 10. மூன்று மணி வெயிலில் 180 என்றால் 4தான். பந்து தெரியாததில் ஆச்சரியம் இல்லை.

இப்போது ஏஎல்ஆர். கெயின் 0.8, அறை வெளிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஒதுக்குகிறது என்று தாராளமாக வைப்போம். சோபாவில் படம் 434க்குச் சமம், அறை வெளிச்சம் 20க்குச் சமம். விகிதம் 22க்கு மேல். வெள்ளைச் சுவரைவிட இரண்டு மடங்கு. நீங்கள் சோபாவில் சந்தோஷப்பட்டது நியாயம்.

அம்மா நாற்காலியில் இடது ஓரம்: 72 டிகிரியில் கெயின் 0.25க்கு இறங்கியதாக வைத்தால் படம் 136. விகிதம் 8க்கும் கீழே.

கவனித்தீர்களா? அந்த நாற்காலியில், அந்த ஓரத்தில், காசு கொடுத்து வாங்கிய ஸ்கிரீன் சும்மா கிடந்த சுவரைவிட மோசம்.

அதனால் ஸ்கிரீனை விடுங்கள், ட்யூப்லைட்டைப் பிடியுங்கள். இடது சுவரிலிருந்து கழற்றி, ஸ்கிரீன் இருக்கும் அதே சுவரில், ஸ்கிரீனுக்கு மேலே மாட்டுங்கள். அடியில் ஒரு பலகை கொடுத்தால் வெளிச்சம் சீலிங்கில் பட்டு ஹாலுக்குப் பரவும், நேராக ஸ்கிரீன் மேல் விழாது. ஜன்னலுக்கு வெளிச்சம் புகாத துணியில் இரட்டைத் திரை. அளந்து சொல்லுங்கள்.

வெள்ளிப்பட்டறை | புதன், காலை 9:10

சுவருக்குச் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்தால் கறுப்பு நன்றாக வரும் என்கிறார்களே?

லக்ஸ்மீட்டர் | புதன், காலை 9:25

கறுப்பு இறங்கும், வெள்ளையும் அதே அளவுக்கு இறங்கும். மேலே விழும் அறை வெளிச்சத்தைப் பொறுத்தவரை விகிதம் மாறாது. சுவர்களுக்குப் போய்த் திரும்பும் வெளிச்சம் குறைவது ஒன்றுதான் லாபம். புரொஜெக்டரில் வலு இருந்தால் அடிக்கலாம்.

அழகாபுரத்தான் | சனி, இரவு 8:30

வேலை முடிந்தது. எலக்ட்ரீஷியன் ஒன்றரை மணி நேரத்தில் ட்யூப்லைட்டை மாற்றிவிட்டார், பலகை நானே அடித்தேன், கொஞ்சம் கோணல். ஜன்னலுக்கு இரட்டைத் திரை. ஸ்கிரீன் மேல் எடுத்த லக்ஸ்: ராத்திரி ட்யூப்லைட்டோடு 60 இருந்தது 15. மூன்று மணிக்கு 180 இருந்தது 25.

அப்புறம் ஒரு பரிசோதனை செய்தேன். தெருமுனைக் கடையில் வெள்ளை சார்ட் பேப்பர் இரண்டு வாங்கி, ஸ்கிரீனின் இடது ஓரத்தில் சட்டத்தின் மேலிருந்து ஒட்டித் தொங்கவிட்டேன். பூச்சில் பசை படக்கூடாது என்று சட்டத்தில் மட்டும் ஒட்டினேன். பழைய மேட்ச் ஒன்றைப் போட்டேன்.

சோபாவிலிருந்து: சார்ட் பேப்பர் வெளிறித் தெரிந்தது, பக்கத்தில் ஏஎல்ஆர் ஆழமாக, நிறமாக இருந்தது. என் வயிறு எரிந்தது, விற்க மனசில்லை. ஆனால் வித்தியாசம் போன வாரம் அளவுக்கு இல்லை. அதையும் சொல்ல வேண்டும்.

அம்மா நாற்காலியிலிருந்து: சார்ட் பேப்பர் இருக்கும் இடத்தில் மட்டும் ஜன்னல் திறந்த மாதிரி படம். ஸ்கோர் எழுத்து பாதி பேப்பரிலும் பாதி ஸ்கிரீனிலும் விழுந்தது. பேப்பரில் விழுந்த பாதியைத்தான் படிக்க முடிந்தது. அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். கரண்டியும் கையுமாக வந்து ஒரு நிமிஷம் பார்த்தார். "அந்தப் பேப்பரையே முழுசா ஒட்டிடேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

லக்ஸ்மீட்டர் | சனி, இரவு 8:44

25 லக்ஸுக்கு வெள்ளைச் சுவரில் விகிதம் கிட்டத்தட்ட 23. ட்யூப்லைட் பழைய இடத்தில் இருந்தபோது ஏஎல்ஆர் உங்களுக்குச் சோபாவில் மட்டும் கொடுத்த அதே அளவு. இப்போது அது எல்லா நாற்காலிக்கும்.

பழைய ஆபரேட்டர் | சனி, இரவு 9:05

சார்ட் பேப்பர் பரிசோதனை பிரமாதம். வாங்குவதற்கு முன்னால் கடையில் ஒரு சாண் துண்டு கேட்டு வாங்கி, சுவரில் இடது ஓரம், நடு, வலது ஓரம் மூன்று இடத்திலும் வெள்ளைத் தாளோடு பக்கத்தில் ஒட்டி, வீட்டில் இருக்கும் எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். அம்மா நாற்காலியில் முதலில்.

அழகாபுரத்தான் | சனி, இரவு 9:20

சார், போன மாதம் இந்த இழை இருந்திருந்தால் செய்திருப்பேன்.

சரி, முடிவு: சாதாரண வெள்ளைத் துணி ஸ்கிரீன் சொல்லியாகிவிட்டது, பழைய சட்டத்திலேயே இழுத்துக் கட்டிவிடலாமாம். ஏஎல்ஆர் துணி மட்டும் விற்பனைக்கு. ஒரு மாதம்தான் ஓடியது, கீறல் இல்லை, கைரேகை இல்லை, கண்ணாடி துடைக்கும் மருந்து எதுவும் போட்டதில்லை. யாருக்காவது வேண்டுமா?

கொண்டலாம்பட்டி சிங்கிள் | சனி, இரவு 9:31

எனக்கு வேண்டும். ரூம் 10 அடி அகலம், ஜன்னல் ஒரு பக்கம் மட்டும், புரொஜெக்டர் 12 அடியில். உட்காருவது நான் ஒருவன், ஒரே நாற்காலி, நேர் நடுவில்.

லக்ஸ்மீட்டர் | சனி, இரவு 9:33

இந்த ஸ்கிரீனைச் செய்தவர்கள் உங்களை நினைத்துத்தான் செய்திருக்கிறார்கள்.

அழகாபுரத்தான் | சனி, இரவு 9:40

புதன்கிழமை வாங்க, ஐந்து ரோடு வந்ததும் மெசேஜ் போடுங்க, வழி சொல்கிறேன். மடிக்கக் கூடாது, கோடு விழுந்தால் போகாது. நாலரை அடி நீளத்தில் ஆறு அங்குல பிவிசி குழாய் ஒன்று கையோடு எடுத்து வாங்க, சுற்றிக் கொடுத்துவிடுகிறேன்.